மாலை போட்ட ரசிகர்

கபடி மைதானத்து ஓரத்தில், வேப்பமரத்தில் கட்டியிருந்த கிடாவுக்கு மாலை போட்டிருந்தார்கள். தன்னைச் சிறப்பு விருந்தினர் என்றே அது நினைத்துக்கொண்டது.

கிளையிலிருந்த காக்காவிடம் விதிமுறை கேட்டது.

"தொட்டுட்டா அவுட். அவுட்டானவனோட அணி எதிராளி ஒருத்தனை அவுட்டாக்கினா, அவன் மறுபடி உள்ளே வரலாம்" என்றது காக்கா.

"போனவன் திரும்பி வரலாமா! இதல்லவா விளையாட்டு!"

கிடா சிவப்பு அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியது. கோட்டைச் சரியாகப் பார்க்காத நடுவரை முட்டக் கிளம்பி, கயிறு இழுத்ததால் நின்றது.

"அண்ணே, நீங்க எந்த அணி?"

"எனக்கு ஆட்டமே பிடிக்காது தம்பி. முடிஞ்சதும் போடுற எலும்புக்குத்தான் வருஷா வருஷம் வர்றேன்."

"யாரோட எலும்பு?"

"ஜெயிச்ச அணிக்குக் குடுக்கிற முதல் பரிசோடது." காக்கா மாலையைப் பார்த்தது.

கிடாவும் குனிந்து மாலையைப் பார்த்தது. அதன்பிறகு எந்த அணி முந்தினாலும் மற்ற அணிக்காகக் கத்தியது. கடைசி விசில் ஊதியபோது இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு.

"சமம்! யாரும் ஜெயிக்கலை! பரிசு யாருக்கும் இல்லை!" என்று துள்ளியது கிடா.

"இன்னும் ஒரு விதி இருக்கு தம்பி" என்றது காக்கா. "சமமா முடிஞ்சா, பரிசை ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்குவாங்க."