எரியாத விளக்கு

பழைய கார் வியாபாரி ஜன்னல் வழியே கைவிட்டு ஸ்டீயரிங்கைச் செல்லமாகத் தட்டுகிறார். "ஆறு ஏர்பேக், தம்பி! இடிச்சாலும் தாய்மடில விழுந்த மாதிரிதான்." நிறைமாத மனைவியை முன்சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட்டும் மாட்டிவிட்ட தம்பி பூரித்து நிற்கிறான். டிரைவர் சீட்டிலிருக்கும் அவன் அக்கா, மெக்கானிக், சாவியைத் திருப்புகிறாள். வெயில் சாய்ந்து விழும் மீட்டர் பலகையில் சிவப்பும் மஞ்சளுமாக எல்லா விளக்குகளும் எரிகின்றன. ஏர்பேக் விளக்கு மட்டும் எரியவில்லை. "பாத்தீங்களா, ஏர்பேக்ல ஒரு குறையும் காட்டல!" என்கிறார் வியாபாரி. "சாவி போட்டதும் அது எரிஞ்சு அணையணும், அண்ணே. சென்சாரெல்லாம் 'உள்ளேன் ஐயா' சொல்ற நேரம் அது. இங்க ஏதோ கெட்டிருக்கு. சொல்ற வாயை யாரோ அடைச்சிருக்காங்க" என்கிறாள் அக்கா. விளக்கு தூசியில் ஒளிந்திருப்பதுபோல வியாபாரி கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைக்கிறார். பக்கத்தில் பெல்ட் 'க்ளிக்'கென்று அவிழ்கிறது. தம்பி மனைவி வயிற்றைத் தாங்கியபடி, யாரிடமும் கேட்காமல், இறங்குகிறாள்.