நாற்பத்தோராவது குரல்

தூத்துக்குடியில் ஒரு செய்தி நிறுவனத்தில் இதழியல் மாணவி மெர்லினுக்கு ஆறு வாரப் பயிற்சி. அங்கே வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இயந்திரங்கள் பேசும் போலிக் குரல்கள். அவற்றை வடிகட்டி, மனிதர் சொல்வதை மட்டும் நிருபர்களுக்கு அனுப்புவது அவள் வேலை. இதுவரை நாற்பது போலிகளைப் பிடித்திருந்தாள். ஒன்றில்கூடத் தவறியதில்லை.

அன்று மதியம் ஒருவர் அழைத்தார்.

"ஏம்மா, ஐஸ் கம்பெனியில அமோனியா கசியுது. தெருவுல ஆளுங்க மயங்கி விழுதாங்க. எங்கயும் லைன் கெடைக்கல. நீங்களாச்சும் சொல்லுங்க."

அவர் இருமல் ஒரே சீராக இருந்தது அவளுக்கு உறுத்தியது. போலியைப் பிடிக்க வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

"உங்க கையில இப்ப என்ன இருக்கு?"

"எம் மவ இருக்கா."

போலிகள் இப்படித்தான் குழந்தையைச் சொல்லி உருக்கும்.

"பக்கத்துல என்ன கடை இருக்கு? ஒவ்வொண்ணா சொல்லுங்க."

அவர் போனை வைத்துவிட்டார். மெர்லின் 'போலி' என்று பதிந்தாள்.

ஒரு மணி நேரத்தில் செய்தி உறுதியானது. பதினோரு பேர் மருத்துவமனையில் இருந்தார்கள்.

மறுநாள் அவரைத் தேடிப் போனாள். பெயர் அந்தோணிசாமி. மகள் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தாள். மெர்லின் தயங்கித் தயங்கித் தன்னை யாரென்று சொன்னாள்.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"போன்ல பேசுனது நீயாம்மா? மிஷினுன்னு நெனச்சுல்ல வச்சேன். ஆளுன்னு தெரிஞ்சிருந்தா அழுது கெஞ்சியிருப்பேனே."