புளியந்தோப்பில் ஓர் அடுப்பு

பட்டாளத்து ஏலத்தில் எடுத்த வேனுக்குள் படுக்கப் பலகை அடித்து, பெண்டாட்டியோடு ஊர் ஊராக லுங்கி விற்றான் பரந்தாமன். தோல் பதனிடும் தோல்ஷாப்பு நாற்றம் எட்டாத, நிழலும் தண்ணீரும் உள்ள இடமாகத் தேடித்தான் ராத்திரி தங்குவான்.

"எடம் ஜோரா இருந்தா போதுமா? தினம் கல்லு பொறுக்கி அடுப்பு வெக்கிறது உங்கப்பனா?" என்று கத்தினாள் அம்சவேணி.

கணியம்பாடியில் காலையில் கிளம்பும்போது, ஆத்திரத்தில் அடுப்புக் கல்லை எட்டி உதைத்தாள். கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியது. துணியைச் சுற்றிக்கொண்டு வழியெல்லாம் அவனைத் திட்டித் தீர்த்தாள்.

சாயங்காலம், நாட்றம்பள்ளி தாண்டி, அதுவரை வந்தேயிராத ஒரு புளியந்தோப்பில் வேன் நின்றது.

"பாத்தியா அம்சா, அடுப்புகூட ரெடியா கீது!" என்றான் பரந்தாமன் குஷியாக.

பல்லைக் கடித்தபடி நொண்டிப் போய்க் குனிந்தாள். மூன்று கற்களில் ஒன்றில் அவள் நகம் ஒட்டியிருந்தது. ரத்தம் இன்னும் காயவில்லை.