கற்றாழைமேட்டுச் சிநேகிதி

வியாழன்தோறும் டவுன் பஸ் ஏறிக் கற்றாழைமேட்டில் இறங்குவேன். கால் போன போக்கில் நடந்துவிட்டு மாலை பஸ்ஸில் திரும்புவேன். சும்மா நடக்க வருகிறேன் என்று சொன்னால் பேச்சு எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும். நடை அன்றோடு நின்றுவிடும். அதனால், யாரைப் பார்க்க என்று கண்டக்டர் கேட்டபோது, பூவாத்தா என்று வாயில் வந்த பெயரைச் சொல்லிவைத்தேன்.

இன்று அவர் டிக்கெட்டைக் கிழித்தபடி சிரித்தார்.

“நேத்து உங்க சிநேகிதி கற்றாழைமேட்டுல ஏறுனாங்கக்கா. பூவாத்தாவான்னு கேட்டேன். கொஞ்சம் முழிச்சிட்டு ஆமான்னாங்க. நம்ம ஊர்ல இறங்கி ஏரிக்கரைப் பக்கமா நடந்தாங்க. வீட்டுக்கு வந்தாங்களா?”

“வந்தா. காப்பி குடிச்சிட்டுத்தான் போனா” என்றேன்.

கற்றாழைமேட்டில் இறங்கியதும் முதல்முறையாகக் குனிந்து பாதையைப் பார்த்தேன். புழுதியில் ஒரு பெண்ணின் செருப்புத் தடம், எந்த வீட்டுக்கும் போகாமல், ஓடைப் பக்கம் திரும்பியிருந்தது.