ஏழாம் நம்பர் ட்ரே

அன்று காலை பத்து மணிக்குப் புழுக் கொட்டகையில் நான்கு பேர் இருந்தார்கள். கொட்டகைக்குச் சொந்தக்காரரான புழுக்காரர், பேப்பரும் பேனாவுமாக மேசைக்கு முன்னால். அவருடைய தம்பி, வலது பக்கம் கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல். மீன் பண்ணைக்காரர், இருந்ததற்குள் நல்ல நாற்காலியில். எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அம்மா, வாசலை ஒட்டி, மூக்கில் கைக்குட்டையோடு.

மேசையின் நடுவில் ஏழாம் நம்பர் ட்ரே. அதில் ஐயாயிரம் புழுக்கள், ஒன்றுகூட அசையாமல்.

ஹாஸ்டல், கேண்டீன், பேக்கரி என்று எங்கே சாப்பாடு மிஞ்சினாலும் புழுக்காரர் வாங்கிவந்து தம் புழுக்களுக்குப் போடுவார். அவை தின்று கொழுத்தால் மீனுக்கும் கோழிக்கும் தீனி. கழித்துப் போட்டது செடிக்கு உரம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். புழுக்களுக்கு வாழ்க்கைப்பட்டவர் என்று தெருவே கேலி பேசும். அதற்கும் சிரித்துவைப்பார். ஐந்து நாளாக அந்தச் சிரிப்பும் இல்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதிலிருந்து பாலைத் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

மற்ற பதினொரு ட்ரேயிலும் தூறல் போடுகிற மாதிரி தின்கிற சத்தம் கேட்டது. ஏழு மட்டும் ஊமையாகிக் கிடந்தது.

"காரணம் தெரியாம ஒரு புழுவைக்கூட என் மீனுக்குப் போட மாட்டேன். சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க, இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றார் மீன் பண்ணைக்காரர். ஆறு வருஷ உழைப்புக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் அது.

தம்பிக்குக் காரணம் நேற்றே தெரிந்துவிட்டது. நாற்றம் அடிக்கிறது என்று மூன்று முறை மனு போட்டது யார்? போன வாரம் கடையில் பூச்சி மருந்து வாங்கியது யார்? தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார்.

கரப்பானுக்கு வாங்கினேன் என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

"கரப்பான் உங்க வீட்டுல, சாவு எங்க கொட்டகையிலயா?"

அந்த அம்மா கைக்குட்டையை இறக்கினார். "இந்த இடத்தைக் கார் நிறுத்த வாடகைக்கு விடணும்னு ரெண்டு வருஷமா அண்ணனை நச்சரிச்சது நானா, நீங்களா?"

தம்பியின் முகம் சுருங்கிப்போனது. தனக்கென்று இருப்பது ஒரே அண்ணன் என்றார். தனியாகக் கிடந்து கஷ்டப்படுகிறாரே என்று நாலு நாளாக வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பது யார் என்று கேட்டார். அது உண்மைதான். அண்ணனும் டப்பாவைக் காலியாகக் கழுவித்தான் கொடுத்தார்.

"புகார் எழுதுங்கண்ணே. கொலைன்னே எழுதுங்க. போலீஸ் வந்து பார்க்கட்டும்."

புழுக்காரர் ஓரம் விட்டு, தேதி போட்டு, அழகான கையெழுத்தில் எழுதினார்: 'சில நாட்களாக உணவில் விஷம் கலந்து என் புழுக்களைக் கொல்ல முயற்சி நடந்து வருகிறது.'

"எந்தச் சாப்பாடுன்னு எழுதினீங்களா? முப்பது வருஷம் டைப் அடிச்சவ சொல்றேன், விவரம் இல்லாத புகாரை எவனும் படிக்க மாட்டான்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

நியாயம்தான். எந்த வாளிச் சாப்பாடு எந்த ட்ரேக்குப் போகிறது என்பதைப் புழுக்காரர் தலையில் ஏற்றிக்கொள்வதில்லை. ட்ரேக்கு அடியில் ஓர் அட்டை செருகி, அதில் எழுதிவைப்பார். ஏழாம் ட்ரேயின் அட்டையை உருவிப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"என்னண்ணே வேர்க்குது? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" தம்பி ஆவலாக எழுந்தார்.

"இல்லடா, நல்லாத்தான் இருக்கேன்."

"நாலு நாளா இதையேதான் சொல்றீங்க" என்று தம்பி மறுபடி உட்கார்ந்தார்.

புழுக்காரர் கடிதத்தில் ஓர் இடத்தைத் திருத்தினார். அட்டையையும் சேர்த்து உறையில் போட்டு, பசை தடவி ஒட்டினார். மீன் பண்ணைக்காரரிடம், காரணம் தெரிந்துவிட்டது, மற்ற பதினொன்றுக்கும் பயமில்லை என்றார். பிறகு உறையை டைப்பிஸ்ட் அம்மாவிடம் நீட்டி, நேரே ஸ்டேஷனில் கொடுத்துவிடச் சொன்னார்.

"செஞ்சவங்க கையிலயே குடுத்தனுப்பறீங்களே" என்றார் தம்பி. "நான் சொன்ன மாதிரிதானே எழுதினீங்க?"

"நீ சொன்ன மாதிரியேதான்."

டைப்பிஸ்ட் அம்மா தெருவைக் கடந்து வேகமாக நடந்தார்.

உறைக்குள் இருந்த அட்டையில் 'தம்பி கொண்டுவரும் சாப்பாடு, பல் வலியால் நான் தொடாதது, நான்கு நாள்' என்று எழுதியிருந்தது. புகாரில் 'என் புழுக்களை' என்பது மட்டும் அடிக்கப்பட்டு, 'என்னை' என்று திருத்தப்பட்டிருந்தது.