தண்ணி விழுதா?

ஜூலை 5, சனிக்கிழமை. குற்றாலம் ஐந்தருவியில் ஐந்து கிளைகளிலும் தண்ணீர் விழுந்தது.

“சொட்டுத் தண்ணி இல்லட்டி. பாறையெல்லாம் காஞ்சு கெடக்கு.” அன்று காலை தென்காசியில், தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து போனில் சொல்லிக்கொண்டிருந்தான் மந்திரமூர்த்தி.

“நேத்து லேசா விழுதுன்னீங்களே?” கோவில்பட்டியிலிருந்து அவன் மனைவி ஜெயபிரியா கேட்டாள்.

“அது நேத்து. ராத்திரியோட அடியோட நின்னுட்டு.”

“நான் கெளம்பும்போது நல்லாத்தானங்க கொட்டிச்சு!”

“அதுக்கு நான் என்ன செய்ய? நின்னுட்டுன்னா நின்னுட்டு.”

அவள் குரல் கம்மியது. “என்னட்டி, தண்ணி விழலையாமா?” என்று பின்னாலிருந்து அவன் மாமியார் கேட்பதும், யாரோ “அடப்பாவமே” என்பதும் காதில் விழுந்தன. போன் துண்டானது.

மந்திரமூர்த்தி மூச்சு விட்டான். வங்கியில் அவன் கிளார்க். ஆபீசர் தேர்வு மறுநாள் திருநெல்வேலியில். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் போனால் அடுத்து எழுத வயது இடம் கொடுக்காது.

சீசன் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரனுக்கு வெளியூரிலிருந்து வரும் போனில் வேறு கேள்வி இருக்காது. போன வருடம் தேர்வுக்கு முந்தின நாள் “தண்ணி விழுதா மாப்ள?” என்று கேட்டார்கள். விழுது என்று உண்மையைச் சொன்னான். மாமனார் வீடே வேனில் வந்து இறங்கியது. அவன் குறிப்புகளின் மேல் ஈரத்துண்டுகள் காய்ந்தன.

அதனால்தான் இந்த வருடம் ஜெயபிரியாவையே அம்மா வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தான். அவளும் முகம் சுளிக்காமல் போனாள். கிளம்பும்போது சொன்னதெல்லாம் அவளுடைய மீன்தொட்டியைப் பற்றித்தான்.

சின்னத் தொட்டி. உள்ளே காடு மாதிரி செடிகள். மூலையில் சிற்றாற்றுக் கற்களை அடுக்கி, தண்ணீருக்கு மேல் தலை நீட்டுகிற ஒரு குட்டிக் குன்று. “காலைல ஒரு நுள்ளு, சாயங்காலம் ஒரு நுள்ளு இரை போடுங்க. வேற எதையும் தொட்டுராதீங்க.”

அவன் எதையும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில், ஹாலில் இருந்த ஒரே பிளக் பாயிண்டை மட்டும் லேப்டாப்புக்கு எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு வீடு படிப்பதற்குத் தோதாக அமைதியாகவே இருந்தது.

ஆனாலும் படிப்பு ஓடவில்லை. ஜன்னலில் சாரல் தெறித்தது, எழுந்து சாத்தினான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். மீன்களெல்லாம் விடிந்ததிலிருந்து மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பசி போல என்று இன்னொரு நுள்ளு போட்டான். தின்னவில்லை. இரை மிதந்தது.

போனை எடுத்துப் பார்த்தான். மாடியில் குடியிருக்கும் பென்னி, ஐந்தருவியில் குளிக்கிற படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். ஜெயபிரியாவிடம் பென்னியின் நம்பர் உண்டு.

மாடிப்படியில் நின்று கத்தினான். “ஏலே பென்னி, அந்த ஸ்டேட்டஸத் தூக்குலே!”

“ஏன் அண்ணாச்சி? அருவி என்ன ஒங்க சொத்தா?”

“ஒனக்குப் புண்ணியமாப் போகும், தூக்குலே.”

“இன்னைக்கு அடிச்சு ஊத்துது. படிச்சுக் கிழிச்சது போதும், நீங்களும் வாங்க அண்ணாச்சி, ஒரு முழுக்குப் போட்டுட்டு வருவோம்.”

கடைசியில் பென்னி படத்தை எடுத்துவிட்டான். மந்திரமூர்த்தி கீழே வந்து, படித்த பக்கத்தையே திரும்பவும் படித்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம், வாசலில் வேன் வந்து நின்றது.

மாமியார் இறங்கினாள். மாமனார், மச்சான், மச்சானின் மனைவி, பிள்ளைகள் என்று வேன் காலியாக நேரமாயிற்று. யார் கையிலும் எண்ணெய்ப் பாட்டிலோ துண்டோ இல்லை. மச்சான் மட்டும் ஒரு அட்டைப்பெட்டியை அணைத்துப் பிடித்திருந்தான். ஜெயபிரியா புருஷன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடினாள்.

பென்னியின் படத்தைப் பார்த்துவிட்டார்கள், இனி மறைத்துப் பயனில்லை என்று மந்திரமூர்த்தி முடிவு செய்தான்.

“அத்தே, கோவிச்சுக்கிடாதீங்க. பரீட்சை இருக்கேன்னுதான் பொய் சொன்னேன். அஞ்சருவில தண்ணி அடிச்சு ஊத்துது.”

மாமியார் ஒரு கணம் விழித்தாள். பிறகு முகமெல்லாம் பல்லாயிற்று.

“அப்படியா மாப்ள? எங்களுக்கு அந்த நெனப்பே இல்லியே! இவ அழுத அழுகையில மாத்துத் துணிகூட எடுக்காமல்லா வந்துட்டோம். அதனாலென்ன, இங்கன வாங்கிக்கிடலாம். ஏலே, வேனத் திருப்பி அனுப்புங்கலே. ஒரு வாரம் இருந்து ஆசதீரக் குளிச்சுட்டே போவோம்!”

பிள்ளைகள் கூச்சலிட்டன. உள்ளே லேப்டாப் ஒயரைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. அடுத்து, கல்லின் மேல் தண்ணீர் சளசளவென்று விழுகிற சத்தம்.

“புது மோட்டாரு வேண்டாம்ணே, பிளக்கத்தான் பிடுங்கிப் போட்டிருக்காரு!” என்றபடி ஜெயபிரியா வாசலுக்கு வந்தாள். ஒரு கையில் ஒயர்; கண்கள் சிவந்திருந்தன.

“மோட்டாரு ஏத்துற தண்ணி கல்லு மேல விழுந்து தெறிச்சாத்தாங்க மீனுக்கு மூச்சு. செடிதான் இருக்கேன்னு விட்டா, ராத்திரியில அதுவும்லா சேந்து அந்தக் காத்தக் குடிக்கும்.”

“நீ அருவியத்தான் கேட்டேன்னு...”

“அருவிய யாருங்க கேட்டா? எந்தொட்டியில தண்ணி விழுதான்னுல்லா கேட்டேன்!”

மீன்கள் எல்லாம் பிழைத்துக்கொண்டன. மந்திரமூர்த்தி தேர்வில் தேறவில்லை.