கிராண்டுக்காக ஓர் ஆட்டம்

“யார் கேட்டாலும் மூணு வருஷமா மெம்பர்னுதான் சொல்லணும், மனசிலாச்சா?” என்றான் பஞ்சாபகேசன்.

சைக்கிளில் வந்து இறங்கியவன் இன்னும் ஸ்டாண்டுகூடப் போடவில்லை. அரை நிஜார், கான்வாஸ் ஷூ, இருபத்தைந்து வயது இருக்கும்.

“நான் வந்து…”

“தெரியும், தெரியும். சைக்கிள் கடையிலேர்ந்து அனுப்பிச்சிருக்கா. உன் பேரு?”

“ராஜையன்.”

“செரி. ஆட்டம் தெரியுமோல்லியோ? அது மதி, அதுவே போரும்.”

ராஜையன் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு சைக்கிளை மதிலில் சாய்த்தான். பஞ்சாபகேசன் அவன் கையில் ஒரு மட்டையைத் திணித்துக் கோர்ட்டுக்குள் அனுப்பினான். அதற்கப்புறம்தான் மூச்சே வந்தது.

பாவம், பஞ்சாபகேசனுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், நாடு சுதந்திரம் அடைந்த மறு வருஷம், ஸ்ரீவராகத்தில் அவன் தொடங்கிய பால் பாட்மிண்டன் சங்கத்துக்குச் சொத்து என்று இருப்பது இந்த ஒரு கோர்ட்டுதான். அதையும் இடத்துக்காரர் மரக்கடைக்கு விடப் பேசிக்கொண்டிருந்தார். காலில் விழாத குறையாகக் கெஞ்சியதில், சர்க்கார் கிராண்ட், அதாவது உதவிப்பணம், கிடைத்ததென்று வெள்ளிக்கிழமைக்குள் கடுதாசி காட்டினால் குத்தகையை நீட்டுவதாகச் சொல்லியிருந்தார்.

கிராண்டுக்கு மனுப் போட்டால், பதிலில் ஒரு நிபந்தனை வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லா ஜாதிக்காரர்களும் சேர்ந்து ஆடும் சங்கமாக இருக்கவேண்டும். அதை இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார். இன்றைக்கு, நாலு மணிக்கு.

சங்கத்தின் பதினெட்டு மெம்பர்களும் அக்ரகாரத்துப் பையன்கள். வேறு யாரையும் சேர்க்கக்கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. யாரும் வந்து கேட்கவில்லை, இவர்களும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். ஆகவே சாலை பஜார் சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லி, இன்று ஒரு நாளைக்கு மட்டும் ஆட இரண்டு பேரை ஏற்பாடு செய்திருந்தான். யோசுவா என்பவன் மூன்று மணிக்கே வந்துவிட்டான். இரண்டாவது ஆள்தான் இத்தனை நேரம் உயிரை வாங்கிவிட்டான்.

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில், கறுப்புக் கோட்டும் நெற்றி நிறைய விபூதியுமாக ஒருவர் கையில் ஃபைலோடு தெருமுனையில் தெரிந்தார். பஞ்சாபகேசன் ஓடினான். இருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்காரவைத்து, எலுமிச்சம்பழம் கொடுத்து, அடுத்த வீட்டு நாகலக்ஷ்மி மாமியிடமிருந்து காபியும் வரவழைத்துவிட்டான். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். இவன் விட்டால்தானே?

கோட்டுக்காரர் கோர்ட்டை ஒருமுறை பார்த்தார். “ஆட்டம் நடக்கட்டு. முடிஞ்ச பொறவு எழுதலாம்,” என்று சொல்லி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டார்.

அழுத்தமான ஆசாமி என்று பஞ்சாபகேசன் நினைத்துக்கொண்டான். சும்மா இருக்கமாட்டாமல், “அதோ, பின்னால நின்னு ஆடறானே ராஜையன், மூணு வருஷமா நம்ம மெம்பராக்கும்,” என்றான்.

“அப்படியா?” என்று அவர் கண்ணை அகல விரித்தார்.

நம்பிவிட்டார். பஞ்சாபகேசனுக்குப் பாதி உயிர் வந்தது.

ராஜையனின் ஆட்டமோ அபாரமாக இருந்தது. எங்கே அடித்தாலும் அங்கே நின்றான். இப்படி ஒருத்தன் நிஜமாகவே நம் டீமில் இருந்தால் என்ற எண்ணம் பஞ்சாபகேசனுக்கு ஒரு நிமிஷம் வரத்தான் செய்தது. தெருவில் என்ன சொல்வார்கள் என்று அடுத்த நிமிஷமே அதைத் தள்ளிவிட்டான்.

முதல் ஆட்டம் முடிந்ததும் வந்தது வினை. எல்லாரும் தண்ணீருக்குப் போனார்கள். காப்டன் ஸ்ரீனிவாசன் அக்ரகாரத்துப் பையன்களுக்கு டம்ளரில் கொடுத்தான். யோசுவாவும் ராஜையனும் வந்தபோது, அந்த மடையன் யோசிக்கக்கூட இல்லை. பழக்கதோஷத்தில் கூஜாவை உயரத் தூக்கி, அவர்கள் கையில் எட்ட நின்று ஊற்றினான். இருவரும் குனிந்து கையை ஏந்திக் குடித்தார்கள்.

கோட்டுக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

போச்சு, பார்த்துவிட்டார்! பஞ்சாபகேசன் பாய்ந்துபோய் ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு ராஜையனிடம் நீட்டினான்.

“இதுல குடி. இன்ஸ்பெக்டர் பாத்துண்டிருக்கார்,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

“குடிச்சாச்சு,” என்றான் ராஜையன்.

இரண்டாவது ஆட்டம் எப்படி நடந்தது, யார் ஜெயித்தார்கள் என்று பஞ்சாபகேசனைக் கேட்டால் தெரியாது. கோட்டுக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் அப்புறம் இவன் பக்கம் திரும்பவே இல்லை. காபி ஆறி ஆடை கட்டிப்போயிற்று.

ஒருவழியாக ஆட்டம் முடிந்து, கோட்டுக்காரர் ஃபைலைப் பிரித்தார். பஞ்சாபகேசன் தன் பேனாவைத் திறந்து, பெருமாளே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினான்.

“எனக்கு எதுக்குவே பேனா? நான் ஆபீஸ் குமாஸ்தா,” என்று எழுந்தவர், அவனைத் தாண்டி நேரே ராஜையனிடம் போய் ஃபைலைப் பணிவாக நீட்டினார். “ரிப்போர்ட்டு எழுதிருதீங்களா, இன்ஸ்பெக்டர் ஸார்?”